வலை போட்டீர்களா? கூரைத் தண்ணீர் பற்றிய கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் குழாய் வேலை தொடங்கி எனக்கு 28 ஆண்டுகள் ஆகின்றன. இன்று மதியம் வரை மழைநீர்த் தொட்டி பற்றிக் கேளுங்கள். கூரை ஒழுகலுக்கு இன்று பதில் இல்லை.

கேள்வி (செராஸ்): எங்களுடையது 20 அடி அகல வரிசை வீடு, நான்கு பேர் இருக்கிறோம். எவ்வளவு பெரிய தொட்டி வாங்குவது, அண்ணா?

பதில்: கடைக்காரரைக் கேட்டால் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுவார். கூரையைக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் முன்பக்கக் கூரை சுமார் 20 அடிக்கு 20 அடி, அதாவது 37 சதுர மீட்டர். கோலாலம்பூரில் பிற்பகல் இடியோடு வரும் ஒரு நல்ல மழை 30 மில்லிமீட்டரைத் தொடுவது சாதாரணம். அப்படியானால் 1,100 லிட்டர். தெறிப்பதும் வழிவதும் கழித்தால் 900 தேறும்.

இனிச் செலவு. கழிப்பறையில் ஒரு முறை தண்ணீர் விட்டால் 6 லிட்டர். நான்கு பேர், நாளுக்கு இருபது முறை என்றால் 120. செடிக்கும் வாசல் கழுவவும் 30. ஆக நாளுக்கு 150 லிட்டர். ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒரு வாரம் தாங்கும், ஒரே மழையில் ஏறக்குறைய நிறைந்தும் விடும். உங்களுக்கு அதுவே போதும். ஆனால் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் எடை. கார் நிறுத்தும் இடத்தின் கூரைமேல் ஏற்றிவிடாதீர்கள். தரையில், சிமெண்டு மேடையில் வையுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாயிலும் வழிந்து வெளியேறும் வாயிலும் கொசு புகாதபடி எஃகு வலை போடுங்கள். பிளாஸ்டிக் வலை வெயிலில் பொடிந்துவிடும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி (கெப்போங்): இப்படி ஒரே சொல்லில் அடித்தால் எப்படி, தம்பி? நான் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்தோம். எனக்கு வயது 78.

பதில்: ஐயா, உங்கள் வயதோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் அன்றைய லயத்துக் கூரைக்கு மேலே ரப்பர் மரம் இருந்தது. இன்று உங்கள் வீட்டுக்கு மேலே நெடுஞ்சாலைப் புகை இருக்கிறது. கூரையில் புறா எச்சம், எலி மூத்திரம், பழைய சாயம், சில வீடுகளில் கல்நார்த் தகடும் உண்டு.

இரண்டு வாரம் காய்ந்த பிறகு பெய்த மழையில், கூரைக் குழாயின் வாயில் நான் அடுத்தடுத்து மூன்று கண்ணாடிப் போத்தல்களை வைத்துப் பிடித்தேன். முதல் போத்தல் கோப்பி ஓ நிறம், அதாவது பாலில்லாக் கறுப்புக் காப்பி. அடியில் பல்லி முட்டை ஓடும் இறகுத் துணுக்கும் கிடந்தன. இரண்டாவது வெளிறிய தேநீர். மூன்றாவதுதான் தண்ணீர்போல இருந்தது. அதனால்தான் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் தனியே பிடித்து வெளியேற்றச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டருக்கு அரை லிட்டராவது போகவேண்டும். 37 சதுர மீட்டருக்கு 18 லிட்டர். ஆறங்குலக் குழாயில் ஒரு மீட்டர் துண்டை வெட்டி, அடிவாயை அடைத்து, கூரைக் குழாயில் தொங்கவிட்டால் அந்த அளவு பிடிக்கும். அடியில் ஒரு சிறு குழாய் வைத்து ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திறந்துவிடுங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): கெப்போங் ஐயா சொல்வது சரிதான். என் பாட்டியும் மழைத் தண்ணீரில்தான் காப்பி போடுவார். கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடுமே?

பதில்: கிருமி சாகும். ஈயமும் சாயமும் சாகாது, அக்கா. கொதித்து ஆவி போகப்போக அவை இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

கேள்வி (கெப்போங்): என் தலைமுறையே சாட்சி!

பதில்: வயிற்றுப்போக்கில் போன குழந்தைகள் 78 வயதில் கேள்வி அனுப்புவதில்லை, ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): நான் பதினான்காவது மாடியில் இருக்கிறேன். பால்கனியில் வாளி வைக்கலாமா?

பதில்: நிர்வாகத்தைக் கேளுங்கள். வைத்தால் வலை போடுங்கள்.

கேள்வி (ஸ்தாபாக்): இரண்டு மாடி வரிசை வீடு. எவ்வளவு பெரிய தொட்டி?

பதில்: செராஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மாடி எத்தனை இருந்தாலும் கூரை ஒன்றுதான்.

கேள்வி (பட்டர்வொர்த்): தண்ணீர்க் கட்டணம் இவ்வளவு மலிவாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? போட்ட பணம் என்றைக்குத் திரும்பும்?

பதில்: திரும்பாது. சிலாங்கூரில் 2024 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோதும், முதல் 20 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 65 காசாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கில் மாதம் நான்கு கன மீட்டர் மிச்சம் பிடித்தாலும் 2 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. தொட்டி விற்பவர் ‘மூன்றே ஆண்டில் போட்ட காசு வந்துவிடும்’ என்றால் கதவைச் சாத்துங்கள்.

ஆனால் 1998ஆம் ஆண்டு வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். மழைநீர் சேமிப்புக்கு அரசு 1999இல் வழிகாட்டி வெளியிட்டது அதற்குப் பிறகுதான். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. உங்கள் பினாங்கில் 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்ற நான்கு நாள் தண்ணீர் நிறுத்தம் வந்தது. அந்த நான்கு நாளும் கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

கேள்வி (கெப்போங்): பார்த்தீர்களா, அப்போதெல்லாம் எங்களைப் போன்றவர்கள் கவலையே படவில்லை.

பதில்: கழிப்பறைக்கு என்றால் நானும் உங்கள் கட்சி, ஐயா.

கேள்வி (வங்சா மாஜு): மழைநீர்க் குழாயை வீட்டுக் குழாயோடு இணைத்து, நடுவே ஒரு வால்வு வைத்துவிட்டால் வசதிதானே?

பதில்: வேண்டாம், வேண்டாம். வால்வு ஒருநாள் கசியும். கூரைத் தண்ணீர் உங்கள் குடிநீருக்குள் போய்விடும். மழைநீருக்குத் தனிக் குழாய், தனி நிறம், ‘குடிக்காதே’ என்று எழுத்து. வறண்ட நாளில் தொட்டியைக் குழாய்த் தண்ணீரால் நிரப்புவதானால், குழாயின் வாய் தண்ணீரைத் தொடாமல் மேலே இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மோட்டார் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள்.

கேள்வி (செலாயாங்): தொட்டியில் புழு நெளிகிறது. மீன் விடலாமா?

பதில்: வலை போட்டீர்களா? டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரை வடித்தால் முட்டையும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அது சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். வடித்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கொசுப் புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் மணல், பத்து லிட்டருக்கு ஒரு கிராம் போடுங்கள். டிங்கி ஒருபுறம் இருக்க, சுகாதார அதிகாரி புழுவைக் கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. மீன் செத்தால் அதையும் நீங்கள்தான் அள்ள வேண்டும்.

கேள்வி (கோம்பாக்): வணக்கம். என் வீட்டுக்கு எத்தனை லிட்டர்த் தொட்டி சரியாக...

பதில்: செராஸ். செராஸ். செராஸ்.

கேள்வி (கெப்போங்): கடைசியாக ஒன்று, தம்பி. பின்கட்டில் அந்தப் பழைய பீப்பாய் இன்னும் இருக்கிறது. வலை இல்லை, வேட்டித் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறேன். போதுமா?

பதில்: துணி நனைந்ததும் நடுவில் தொய்ந்து குழியாகும், ஐயா. அந்தக் குழியில் தேங்கும் ஒரு கையளவுத் தண்ணீரே கொசுவுக்குப் போதும். சனிக்கிழமை கெப்போங்கில் எனக்கு வேலை இருக்கிறது, வலையோடு வருகிறேன். தேநீர் மட்டும் குழாய்த் தண்ணீரில் போட்டுவையுங்கள்.