இழுக்காத நாளில் ஹிட்ச் எதற்கு?

படகு ட்ரெய்லரை எப்போதாவது ஒரு ஞாயிறுதான் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு இழுக்கிறேன், மற்ற நாளில் பொலேரோவின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் (நுனியில் உருண்டைக் குண்டு உள்ள இரும்புத் தண்டு) அப்படியே இருக்கட்டுமா, பின்னால் யாராவது இடித்தால் பம்பருக்குக் காவல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றிவிடுங்கள்.

காவல் என்ற கணக்கு பாதிதான் சரி. மெதுவாக உரசினால் பம்பர் தப்பும். வேகமாக இடித்தால், நசுங்கி அடியை வாங்க வேண்டிய பம்பரை விட்டுவிட்டு அந்த இரும்பு நேராக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியைக் கடத்தும். வந்து இடிப்பது பைக் என்றால் யோசித்துப் பாருங்கள். மஞ்சக்குப்பத்தில் நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே நுழைகிறவர்களுக்கு முழங்காலில் இடிக்கும் உயரம் அது. இருட்டில் கறுப்புக் குண்டு யார் கண்ணில் படும்? நம்பர் பிளேட்டை மறைத்தால் அபராதம் வேறு.

நம் ஊரில் எனக்குப் பெரிய காரணம் உப்புதான். ட்ரெய்லரைத் தண்ணீர் ஓரம் ரிவர்ஸில் இறக்கும்போது ஹிட்சும் நனையும். கழற்றாமல் விட்டால் அதைச் செருகியிருக்கும் சதுரக் குழாய்க்குள் துரு ஏறி, குழாயும் ஹிட்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் லாக் பின்னை உருவி ஹிட்சைக் கழற்றி, குழாய்க்குள் லேசாக கிரீஸ் தடவி, வாய்க்கு ரப்பர் மூடி போடுங்கள். குண்டில் இருக்கும் பழைய கிரீஸைத் துடைத்துவிடுங்கள், அதில் ஒட்டிய மணல் குண்டைத் தேய்த்துவிடும்.

சேஸிஸோடு வெல்டிங் வைத்த ஹிட்ச் என்றால் குண்டுக்கு ஒரு மூடி, பக்கத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், அவ்வளவுதான் செய்ய முடியும். கழற்றியதைப் பின்சீட்டில் சும்மா போட்டுவைக்காதீர்கள், சடன் பிரேக் அடித்தால் அது முன்னால் பறந்து வரும்.