ஆம்புலன்ஸும் பெயர்ப்பலகையும்

கேள்வி: இலங்கையில் இந்தியா வீடு கட்டித் தருகிறது, ஆம்புலன்ஸ் விடுகிறது. உதவி என்றால் போதாதா, ராஜதந்திரம் என்பது ஏன்?

பதில்: உதவிதான். ஆனால் அது யார் கண்ணில் படுகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. துறைமுகக் கடன் கோப்போடு கொழும்பிலேயே நின்றுவிடும். 1990 என்ற எண்ணில் கூப்பிடும் ஆம்புலன்ஸ் அப்படியல்ல, வாசலுக்கே வரும். நம் 108-இன் அச்சு அசல் அது. 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கினார்கள். இந்திய மானியம் சுமார் 75.6 லட்சம் டாலர். 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் போய் 297 வண்டிகளானது. ஆரம்பத்தில் அங்கே எதிர்ப்பும் இருந்தது. பிறகு இலங்கையே தனிச் சட்டம் போட்டு, சுவசெரிய என்ற அமைப்பிடம் அதை ஒப்படைத்துக்கொண்டது. கொடுத்தவர் ஒதுங்கி நின்றதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

வீட்டுத் திட்டத்தில், வடக்கு, கிழக்கில் இந்திய மானியத்தில் எழுந்த 46,000 வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காண்டிராக்டர் கிடையாது. வீட்டுக்காரரே கட்ட வேண்டியிருந்தது. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், பழுதுபார்க்க இரண்டரை லட்சம் கொடுத்தார்கள். ஒரு கட்ட வேலையைச் சரிபார்த்த பிறகே அடுத்த தவணை வங்கிக் கணக்குக்கு வந்தது. சிக்கலும் இங்கேதான். சாமான் விலை ஏறினாலும் தொகை ஏறவில்லை. ஆசைப்பட்டு ஓர் அறை கூட்டி இழுத்தவர்கள் கடனில் விழுந்தார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வள்ளுவர் பெயருக்கா எதிர்ப்பு?

பதில்: வள்ளுவர் மேல் யாருக்குக் கோபம்? பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய மானியத்தில் எழுந்த கலாசார மையத்துக்கு 2025 ஜனவரியில் ‘திருவள்ளுவர்’ என்று பெயர் மாற்றியபோது ‘யாழ்ப்பாணம்’ காணாமல் போனது. அதுதான் உறுத்தியது. சில நாட்களிலேயே ஊர்ப்பெயர் திரும்ப வந்தது. பலகை எழுதும் முன் ஊராரைக் கேட்டிருந்தால் இந்தச் சலசலப்பே இல்லை.

கேள்வி: இவ்வளவு செய்தும் வடக்கு மீனவர்கள் இந்தியா மீது கோபப்படுகிறார்களே?

பதில்: ராத்திரி விரித்த வலையைத் தமிழ்நாட்டு விசைப்படகின் இழுவை மடி, அதாவது கடலடியை வாரிச் செல்லும் வலை, அறுத்துக்கொண்டு போனால், காலையில் 1990-ஐ நினைத்தா சமாதானம் ஆவார்கள்? இலங்கை 2017-லேயே இழுவை மடியைத் தடை செய்துவிட்டது. இந்தியாவும் அதே ஆண்டு, 2,000 விசைப்படகுகளை மூன்றாண்டில் ஆழ்கடல் படகாக மாற்றத் திட்டம் போட்டது. படகு அப்போது 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம். மிச்சம் 24 லட்சம் மீனவர் தலையில், அதில் 16 லட்சம் வங்கிக் கடன். பாக் நீரிணையில் ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகியவருக்கு ஆழ்கடல் புதுத் தொழில் வேறு. இலக்கில் சிறு பங்குதான் எட்டியது.