குளத்து நீரில் ஒளிரும் சாயம்: எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: என்னிடம் 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கி இருக்கிறது. குளத்து நீரில் வாழும் நுண்ணுயிர்களை ஒளிரும் சாயம் போட்டுப் பார்க்க ஆசை. எந்தச் சாயம் வாங்கலாம்? புற ஊதா டார்ச் போதுமா?

பதில்: சாயத்தைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் வேண்டியவை ஒரு நீல எல்இடியும் ஒரு ஃபில்டரும்தான். ஒளிரும் சாயம் நீல ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ வெளியிடும். அந்த ஒளி மிகவும் மங்கலானது. நாம் பாய்ச்சும் நீலமும் சேர்ந்து கண்ணுக்கு வந்தால் அது அடிபட்டுப் போகும்.

அதனால் 450 முதல் 470 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள எல்இடியை ஸ்லைடின் பக்கவாட்டில் சாய்வாக வையுங்கள். ஒளி நேராக லென்சுக்குள் நுழையக் கூடாது. கண்ணருகு லென்சில் சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டரைப் பொருத்துங்கள். வெறும் தண்ணீர்த் துளியை வைத்துப் பாருங்கள். பின்னணி கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தால் அமைப்பு சரி. பச்சை ஒளி கசிந்தால் எல்இடிக்கு முன்னால் ஒரு நீல ஃபில்டரும் தேவை. அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சாயம் போடாத குளத்து நீரை வையுங்கள். இதை யாரும் தவறவிடக் கூடாது என்பேன். பாசிகளின் பச்சையம் தானாகவே 680 நானோமீட்டருக்கு அருகே அடர்சிவப்பாக ஒளிரும். யூக்ளினா என்ற பச்சை ஒற்றைச் செல் உயிரியின் பசுங்கணிகங்கள் தனித்தனியே தெரியும். பாசியைத் தின்ற பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் வயிற்றுக்குள் சிவப்புப் புள்ளிகள் நகர்வதையும் பார்க்கலாம். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தச் சிவப்பு இயற்கையானது என்று இங்கேயே தெரிந்துகொண்டால்தான் பிறகு சாயத்தின் நிறத்தோடு குழம்பாமல் இருக்கலாம்.

அப்புறம் சாயம். உங்கள் நீல எல்இடிக்குப் பொருந்துவது அக்ரிடின் ஆரஞ்சு. உயிருள்ள செல்லுக்குள் எளிதாக நுழையும். டிஎன்ஏவோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிரும். அமிலத் தன்மையுள்ள உணவுக் குமிழ்களில் தேங்கினால் ஆரஞ்சு, சிவப்பு. ஒரே சாயத்தில் உட்கருவும் செரிமானமும் கிடைக்கும். 10 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அதிலிருந்து ஒரு பங்குக்கு 99 பங்கு தண்ணீர் சேருங்கள். இந்த நீர்த்த கரைசலில் ஒரு சொட்டு, குளத்து நீரில் ஒரு சொட்டு. சில நிமிடங்கள் இருட்டில் வைத்துவிட்டுப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் சாயத்தைக் கூட்ட அவசரப்பட வேண்டாம். கூடினால் பின்னணியும் சேர்ந்து ஒளிரும், உயிர்களும் சாகும்.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் கொல்லும் என்பது பரமீசியத்தில்தான் தெரியவந்தது. 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் கரைசலில் இருந்த பரமீசியங்கள் இருட்டில் பிழைப்பதையும் வெளிச்சத்தில் மடிவதையும் கவனித்தார். ஒளியால் தூண்டப்பட்ட சாயம் ஆக்சிஜனை வினைத்திறன் மிக்கதாக மாற்றிச் செல்லைச் சிதைக்கிறது. எனவே சாதாரண மங்கல் ஒளியில் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் எல்இடியைப் போடுங்கள். சாயம் வெளுத்துப் போவதும் குறையும். ஓடிக்கொண்டே இருக்கும் உயிரை நிறுத்த, துளியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் உறிஞ்சும் தாளை வைத்துக் கொஞ்சம் தண்ணீரை இழுத்துவிடலாம்.

டெஸ்மிட் போன்ற பாசிகளின் செல்சுவர் வேண்டுமென்றால் கால்கோஃப்ளோர் ஒயிட் நல்லது. செல்லுலோசைப் பிடித்து நீலமாக ஒளிரும். டிஎன்ஏவைக் காட்டும் டாப்பி (DAPI) என்ற சாயம் உயிருள்ள செல்லுக்குள் சரியாக நுழையாது, பதப்படுத்திய மாதிரிக்கே ஏற்றது. இவை இரண்டுக்கும் புற ஊதா ஒளியும் வேறு ஃபில்டரும் வேண்டும். டாப்பிக்கு உகந்தது 358 நானோமீட்டர் அளவில் இருப்பதால், 395 நானோமீட்டர் என்று குறிப்பிட்ட டார்ச் அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. தவிர, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா கண்ணைக் கெடுக்கும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். நீல ஒளியிலும் ஃபில்டர் இல்லாமல் கண் வைக்க வேண்டாம். முடிந்தால் கேமராவிலேயே பாருங்கள்.

அக்ரிடின் ஆரஞ்சு டிஎன்ஏவில் மாற்றம் உண்டாக்கக் கூடியது. கரைசலாகவே விற்பதை வாங்கினால் தூள் பறக்கும் அபாயம் இல்லை. கையுறை கட்டாயம். மிச்சத்தைத் தொட்டியிலோ குளத்திலோ ஊற்றாமல் மூடிய பாட்டிலில் சேர்த்து, வேதிக் கழிவாக ஒப்படையுங்கள்.