பழைய துப்பாக்கிக் குழலின் பழுப்பைத் தேய்த்து எடுக்கலாமா?

கூடாது. 19-ஆம் நூற்றாண்டு பர்மிங்காம் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் தெரியும் சீரான பழுப்பு பெரும்பாலும் அழுக்கு அல்ல. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில், செய்தவர்களே மெல்லத் துருவேற்றி உண்டாக்கிய மேற்பூச்சு அது. பழகிய தோசைக்கல்லின் கருமை மாதிரி. சுரண்டினால் கல்தான் கெடும். விரலில் ஒட்டும் செந்துரு வேறு. அது ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும்.

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் செந்துருவை மட்டும் மெல்லத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: குழலில் சுருள் சுருளாக ஓடும் கோலமே போய்விடும். எண்ணெய் அதிகமானால் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்துவிடும்.

சுத்தமானதும் சுடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கருமருந்து என்ற பழைய வெடித்தூள் காலத்துக் குழல் இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் வெடிக்கக்கூடும்.