வாசகம் மனசில் இறங்கவில்லையா?

தம்பி, செம்பனை ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக ஞாயிறு திருப்பலிப் பூசைக்கு வந்தால் அங்கே படிக்கும் பைபிள் வாசகம் காதில் விழுகிறது, மனசில் இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த எனக்கும் அதே கதைதான், தமிழ்ப் பூசை இல்லாத வாரங்களில் இன்னும் மோசம்.

முதலில் பாவம் என்று நினைப்பதை விடுங்கள், அது தூக்கம். சனிக்கிழமையே, வேலைக்குக் கிளம்புமுன், மறுநாள் நற்செய்தியைத் தமிழில் ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே குறித்தவைதான், பங்குக் கோயில் நாட்காட்டியில் பார்க்கலாம். கோயிலில் எந்த மொழியில் வாசித்தாலும் பழகிய குரல் மாதிரி இருக்கும்.

அப்புறம், நற்செய்திக்கு முன் நெற்றி, உதடு, நெஞ்சு என்று சிலுவை போடுகிறோமே, கொசு விரட்டுவது போல் அவசரமாக, அந்த மூன்றாவதில் மட்டும் கையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

திருத்தூதர் பணிகள் 16:14-இல் லீதியா என்ற துணி வியாபாரி வருகிறார். பிலிப்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்து பவுல் பேசுவதைக் கேட்டார், அவ்வளவுதான். உள்ளத்தைத் திறந்தது ஆண்டவர் என்றுதான் எழுதியிருக்கிறது. நீங்களும் வந்து உட்காருகிறீர்களே. தூங்கி விழுந்தால் பக்கத்துப் பாட்டி இடித்து எழுப்பிவிடுவார், என்னை எழுப்பியிருக்கிறார்.