ஹெஸ்ஸேயைத் தமிழில் அச்சிட்டு ஐரோப்பாவில் விற்கலாமா?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வசிக்கிறேன். ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் சில சிறுகதைகளை ஜெர்மன் மூலத்திலிருந்தே தமிழாக்கியிருக்கிறேன். சென்னையில் அச்சடித்து இங்கேயும், ஜெர்மனி, ஆஸ்திரியா தமிழ் விழாக்களிலும் விற்க ஆசை. இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒரு முகவர், "ஜெர்மன் பேசும் நாடுகளுக்கெல்லாம் ஒரே சட்டம்தான், 600 பிராங்க் கொடுங்கள், மூன்றுக்கும் சேர்த்து அனுமதிக் கடிதம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மூன்று நாடுகளில் ஒன்றாக இருப்பது சட்டம் அல்ல, ஒரே ஒரு எண்தான்: ஆசிரியர் இறந்த பிறகு 70 ஆண்டு.

ஹெஸ்ஸே இறந்தது 1962 ஆகஸ்டில். கணக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து தொடங்கும். இந்தியாவில் 60 ஆண்டு என்பதால், அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கதைகள் 2023 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. சென்னையில் அச்சடிக்கலாம், மதுரையில் விற்கலாம், யாரும் கேட்க முடியாது. ஆனால் அதே பிரதியைப் பெட்டியில் போட்டு சூரிச்சுக்கோ ஸ்டுட்கார்ட்டுக்கோ வியன்னாவுக்கோ கொண்டுபோய் மேசை போட்டு விற்றால் உரிமை மீறல். அங்கெல்லாம் 2032 டிசம்பர் 31 வரை உரிமை உயிரோடு இருக்கிறது. ஹெஸ்ஸே ஜெர்மனியில் பிறந்தார், 1924-ல் சுவிஸ் குடிமகன் ஆனார், எந்த நாட்டுக் கணக்கு என்று குழம்ப வேண்டாம். எங்கே விற்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அச்சடித்தால் மலிவு என்று நினைத்தால் அதையும் விடுங்கள், இலங்கையிலும் 70 ஆண்டுதான்.

அந்த முகவர் "ஒரே சட்டம்" என்று சொல்வது எங்கிருந்து வந்தது தெரியுமா? பதிப்புத் தொழிலில் ஜெர்மன் மொழிப் பதிப்புக்கு உரிமை விற்கும்போது ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றையும் ஒரே சந்தையாகக் கட்டி விற்பது வழக்கம். அது வியாபார வசதி. அதைச் சட்டம் என்று சொல்லி உங்களிடம் காசு பார்க்கிறார். இன்னொன்று, நீங்கள் வெளியிடுவது தமிழில். உங்களுக்கு வேண்டியது "தமிழ் மொழி, உலகம் முழுவதும்" என்ற உரிமை. நாடு நாடாகச் சேர்த்துக் கட்டிய பொட்டலம் உங்களுக்கு எதற்கு?

அந்த எண் ஒன்றாவதற்கே எத்தனை காலம் இழுத்தார்கள் என்று பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் டிராட்னர் என்ற அச்சகக்காரர் அரண்மனை ஆதரவோடு வடக்கத்திய ஜெர்மன் நூல்களை மறுபதிப்புப் போட்டுத் தள்ளினார். ஜெர்மன் நகரமான லைப்சிக்கின் பதிப்பாளர்களுக்கு அது திருட்டு, வியன்னாவுக்கு அது தொழில் வளர்ச்சி. 1815-ல் ஆஸ்திரியாவும் ஜெர்மன் அரசுகளும் சேர்ந்த ஜெர்மன் கூட்டமைப்பு உருவானபோது ஒரே மாதிரியான பாதுகாப்பு தருவோம் என்று ஏட்டில் எழுதினார்கள். எழுதியதோடு சரி. 1820-களில் ஜெர்மன் பெருங்கவிஞர் கெத்தே தன் தொகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள, மறுபதிப்பைத் தடுக்கும் சலுகைப் பத்திரங்களை 39 அரசுகளிடமிருந்து திரட்ட வேண்டியிருந்தது. அவருக்கே அந்த நிலை. 1837-ல்தான் கூட்டமைப்பு அளவில் வெறும் 10 ஆண்டுப் பாதுகாப்பு கிடைத்தது. அதே ஆண்டு கூட்டமைப்பின் பெரிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யா தன் எல்லைக்குள் ஆசிரியர் இறந்த பின் 30 ஆண்டு என்று சட்டம் போட்டது. 1845-ல் மற்றவர்களும் அந்த 30-க்கு வந்தார்கள். ஆஸ்திரியா 1846-ல் தனியாகச் சட்டம் எழுதிக்கொண்டது.

கூட்டமைப்பில் இல்லாத சுவிட்சர்லாந்து, நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தை 1883-ல்தான் கண்டது. அதிலும் 30 ஆண்டுதான், ஆனால் நாள் கணக்கு வேறு: அடுத்த ஜனவரி 1-லிருந்து அல்ல, இறந்த நாளிலிருந்தே எண்ணினார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1883 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய 'பார்சிஃபால்' இசைநாடகத்தை சூரிச் 1913 ஏப்ரலிலேயே மேடையேற்றிவிட்டது. ஜெர்மனி 1914 ஜனவரி 1 வரை காத்திருந்தது. 30-க்கு 30 சரி, ஆனாலும் பல மாத இடைவெளி. "ஒரே சட்டம்" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் 50. ஆஸ்திரியா 1933, ஜெர்மனி 1934, சுவிட்சர்லாந்து சாவகாசமாக 1955. அப்புறம் 70. ஜெர்மனி 1965, ஆஸ்திரியா 1972, 1993-ல் சுவிட்சர்லாந்து. அதே 1993-ல் ஐரோப்பிய ஒன்றியமும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் 70 என்று ஆணையிட்டது. ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்து ஏற்கெனவே தானாக அங்கே வந்து நின்றது. கவனித்தீர்களா? ஒத்துப்போக வேண்டும் என்று உட்கார்ந்தபோதெல்லாம் நீளமான முழக்கோலுக்குத்தான் எல்லோரும் நீண்டார்கள். ஒருவர்கூடக் குறைத்துக்கொண்டு ஒத்துப்போகவில்லை. வாசகர் பக்கம் பேச அந்த மேசையில் ஆள் இல்லை, அதுதான் காரணம் என்பது என் கருத்து.

இப்போது ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். "இந்தியாவில் ஹெஸ்ஸே முழுக்கப் பொதுச்சொத்து" என்பது தவறு. ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியான எழுத்துக்கு, இந்தியச் சட்டம் இறந்த ஆண்டைப் பார்க்காது, வெளியான ஆண்டைப் பார்க்கும். ஒரு கடிதமோ முடிக்காத கதையோ 1970-ல் முதலில் அச்சானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஆண்டு கூட்டினால் 2030 முடியும் வரை சென்னையிலும் அதை விற்கக் கூடாது. ஆகவே உங்கள் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு கதையும் முதலில் எந்த ஆண்டு அச்சேறியது என்று பட்டியல் போடுங்கள். கையில் இருக்கும் புத்தகத்தின் ஆண்டு உதவாது, அது மறுபதிப்பு ஆண்டாக இருக்கும். முதல் அச்சு, அது பத்திரிகையில் வந்திருந்தாலும் சரி. 1962 ஆகஸ்டுக்குப் பிறகு என்றால் அந்தக் கதையைத் தனியே எடுத்து வையுங்கள். ஐயமாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். பத்துக் கதையில் ஒன்பது சுத்தம், ஒன்று இப்படி என்றாலும் வழக்கு முழுப் புத்தகத்தின் மேல்தான் வரும்.

இன்னொரு வகை ஆட்கள் "பொதுச்சொத்துச் சான்றிதழ்" விற்கிறார்கள். தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்றால் அரசு அறிவிக்கும், வாரிசுகளுக்குப் பணம் தரும், அதனால் இதற்கும் ஒரு காகிதம் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். காலம் முடிந்த எழுத்துக்கு இந்தியாவும் சரி, அந்த மூன்று நாடுகளும் சரி, அப்படிச் சான்றிதழ் தருவதில்லை. முத்திரையோடு ஒருவர் நீட்டினால் முத்திரை அவருடையது.

ஐரோப்பாவில் விற்றே ஆக வேண்டும் என்றால் ஹெஸ்ஸே உரிமையை வைத்திருக்கும் சுர்காம்ப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு நீங்களே எழுதுங்கள். எத்தனை பிரதி, என்ன விலை, மின்னூல் உண்டா என்று ஒரு பக்கத்தில் சொன்னால் போதும். பதில் வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள், அதனால் பொறுங்கள். வராவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். மின்னூலாகப் போட்டால் விற்பனைப் பகுதி என்ற கட்டத்தில் இந்தியாவை மட்டும் குறியிடுங்கள். தளங்கள் தாமாகவே "உலகம் முழுவதும்" என்று டிக் போட்டு வைத்திருக்கும், அதை முதலில் எடுத்துவிடுங்கள்.