நட்சத்திரக் குறிக்குக் கீழே இருப்பது: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். பொருள் பழுதானது ஒரு பக்கம் இருக்க, அதோடு வந்த காகிதத்தில் இருக்கும் சொற்கள்தான் பலருக்குத் தலைவலி. அதனால் இந்தப் பகுதி முழுக்க சட்டச் சொற்களுக்கே. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சொல்லின் அடிப்படை அவ்வளவாக மாறாது. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் கையிலிருந்து காசு போகும்?

துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் "10 ஆண்டு வாரன்டி". நான்காம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பார்க்க வந்தவர், பழுது சர்க்யூட் போர்டில், பணம் கட்ட வேண்டும் என்கிறார். கேரன்டி என்று போட்டிருந்தால் புதிதாக மாற்றித் தந்திருப்பார்களா?

பெட்டியை இன்னும் வைத்திருந்தால் அந்த "10"க்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதே குறி வாரன்டி அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் மறுபடி வரும்: "மோட்டாருக்கு மட்டும்". அதற்கும் கீழே இன்னொரு வரி: கூலி, வந்துபோகும் செலவு, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள் சேராது. அதாவது மோட்டாரே போயிருந்தாலும் மோட்டார்தான் இலவசம், கழற்றி மாட்டுகிற கூலி உங்கள் தலையில். முழு இயந்திரத்துக்கான காலம் இதைவிட மிகக் குறைவாக, தனி வரியில் இருக்கும். "வரம்புக்குட்பட்ட வாரன்டி" என்று எழுதியிருந்தால் அதில் கனம் "வரம்பு" என்ற சொல்லில்தான்.

கேரன்டி என்றால் மாற்றித் தருவார்கள், வாரன்டி என்றால் ரிப்பேர் செய்து தருவார்கள் என்பது கடைப் பேச்சு. வழக்கறிஞரிடம் போய் கேரன்டி என்றால் அவருக்கு முதலில் ஜாமீன்தான் நினைவுக்கு வரும்: ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று மூன்றாமவர் ஏற்றுக்கொள்வது. அதனால் தலைப்பை விடுங்கள். உள்ளே "மாற்றித் தரப்படும்" என்றிருக்கிறதா, "பழுது நீக்கித் தரப்படும்" என்றிருக்கிறதா, "நிறுவனத்தின் விருப்பப்படி" என்று ஒட்டு ஏதும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஒட்டு இருந்தால் முடிவெடுப்பவர் நீங்கள் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய சட்டப் புத்தகத்தில் வாரன்டிக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. இங்கிலாந்தின் 1893 சரக்கு விற்பனைச் சட்டமும், அதன் வழியில் வந்த இந்தியாவின் 1930 சட்டமும் விற்பவரின் வாக்கை இரண்டாகப் பிரித்தன. "நிபந்தனை" மீறப்பட்டால் பொருளே வேண்டாம் என்று தள்ளிவிடலாம். "வாரன்டி" மீறப்பட்டால் இழப்பீடு மட்டும் கேட்கலாம், பொருள் உங்களிடமே இருக்கும். விற்பவர் வாயே திறக்காவிட்டாலும் சில நிபந்தனைகள் விற்பனைக்குள் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆகவே வாரன்டி அட்டை முடிந்ததோடு எல்லா உரிமையும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உங்கள் போர்டு முதல் நாளிலிருந்தே குறையோடு வந்திருந்தால் அது உற்பத்திக் குறைபாடு, அது வேறு வழக்கு. பார்க்க வந்தவரிடம் பழுதின் காரணத்தை எழுதி வாங்குங்கள். வெறுமனே நாளடைவில் போனது என்றால், சங்கடம்தான், பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஒருவர் எனக்குப் பழைய லேப்டாப் ஒன்றை "உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கொடுத்து விற்றார். மூன்றே நாளில் பேட்டரி உப்பிவிட்டது. அந்த வரி இருந்தால் ஒன்றும் கேட்க முடியாதா?

"உள்ளது உள்ளபடி" என்றால், குறை இருந்தாலும் சேர்த்துத்தான் வாங்குகிறாய் என்று பொருள். லத்தீனில் "கேவியட் எம்ப்டார்", வாங்குபவனே பார்த்து வாங்கு. பழைய பொருள் வியாபாரத்தில் இது செல்லும். ஆனால் தெரிந்தே மறைத்ததையும் பொய் சொன்னதையும் அந்த ஒரு வரியால் மூட முடியாது. "பேட்டரி எப்படி?" என்று நீங்கள் கேட்டு, "புதுசு மாதிரி" என்று அவர் பதில் அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கேட்கவே இல்லை என்றால் உங்கள் பக்கம் பலவீனம்தான். பழைய பொருள் வாங்கும்போது கேள்வியைப் போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். அப்புறம், உப்பின பேட்டரியை வழக்கு முடியும்வரை வீட்டில் வைத்திருக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு உரிய இடத்தில் ஒப்படையுங்கள்.

செயலியில் "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். ஒரு வரியும் படிக்கவில்லை. படிக்காததற்குக் கட்டுப்பட வேண்டுமா?

பொதுவாக, ஆமாம். 1934ல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. சிற்றுண்டிக் கடை நடத்திய லெஸ்ட்ரேஞ்ச் என்ற பெண் தானாகச் சிகரெட் தரும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். இயந்திரம் சரியாக ஓடவில்லை. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்திலோ, எழுதாத எந்த வாக்குக்கும் விற்பவர் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லையே என்றார். மோசடியோ தவறான தகவலோ இல்லாதபோது, கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று தீர்ப்பு. இன்றைய டிக் அந்தக் கையெழுத்தின் பேரப்பிள்ளை.

கையெழுத்தே இல்லாமல், பணம் கொடுத்த பிறகு கைக்கு வரும் சீட்டில் விதி இருந்தால் கதை வேறு. 1964ல் இங்கிலாந்தில் தார்ன்டன் என்பவர் தானியங்கி வாகன நிறுத்தத்தில் காரை விடப் போனார். இயந்திரம் சீட்டைத் துப்பியது, விதிகள் உள்ளே ஒட்டப்பட்டுள்ளன என்று அதில் எழுதியிருந்தது. அங்கே அவர் காயமடைந்தபோது அந்த விதிகளைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தார்கள். சீட்டு வரும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அப்புறம் காட்டும் விதி சேராது என்றது நீதிமன்றம். பில்லின் பின்பக்கத்தில் அச்சடித்த வரியைக் காட்டி யாராவது மிரட்டினால், அதை நான் எப்போது பார்த்தேன் என்று கேட்க இது இடம் தருகிறது.

பிற்காலச் சட்டங்கள் வாங்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. ஒருதலைப்பட்சமான விதியைச் செல்லாது என்று சொல்ல பிரிட்டனில் 1977லும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1993லும், இந்தியாவில் 2019லும் வழி செய்தார்கள். ஒரு விதிக்கு இரண்டு அர்த்தம் வந்தால் எழுதியவருக்குப் பாதகமான அர்த்தத்தையே எடுப்பதும் நீதிமன்றங்களில் நெடுநாள் பழக்கம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி அலமாரி ஒன்று வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் அவசரப்பட்டார். அட்டையைப் பிரிக்காமலே சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பிரித்தால் கீழ்த்தட்டில் மூலைக்கு மூலை விரிசல். சீட்டின் நகலைப் பார்த்தேன்: "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்". இத்தனை வருடம் அடுத்தவருக்கு அறிவுரை எழுதுகிறவன் நான்! அன்றிலிருந்து "பிரித்துப் பார்க்கவில்லை" என்று என் கையால் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. யாரும் இதுவரை மறுத்ததில்லை.

டிக் போடும் முன் முழுவதையும் படிக்கச் சொன்னால் யாரும் படிக்கப்போவதில்லை. பக்கத்தில் தேடும் வசதியில் "புதுப்பித்தல்", "ரத்து", "திருப்பித் தருதல்", "நடுவர்" (நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்புச் சொல்பவர்) என்று தேடி, அந்த நாலு பத்தியையாவது படியுங்கள்.

விழாவுக்கு புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தேன். ஒப்பந்தத்தில் "ஈட்டுறுதி" என்று ஒரு பத்தி. இழப்பீடும் இதுவும் ஒன்றா?

இல்லை. இழப்பீடு என்பது ஒருவர் வாக்கை மீறிய பிறகு, அதனால் வந்த நட்டத்துக்குக் கொடுப்பது. அதிலும் எல்லா நட்டமும் சேராது. 1853ல் இங்கிலாந்தில் ஓர் ஆலையின் அச்சுத்தண்டு உடைந்தது. புதிது செய்ய மாதிரிக்காக அதை அனுப்பிவைத்தார்கள், கொண்டுபோனவர்கள் தாமதம் செய்தார்கள், ஆலை சும்மா கிடந்தது. போன லாபத்தைக் கேட்டார் ஆலைக்காரர், கிடைக்கவில்லை. தாமதமானால் ஆலையே நிற்கும் என்பது கொண்டுபோனவர்களுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். உங்களுக்கும் இதில் பாடம் உண்டு: "இந்தத் தேதியில் விழா, புரொஜெக்டர் வராவிட்டால் இன்ன நட்டம்" என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஈட்டுறுதி என்பது, இன்ன விஷயத்தில் உனக்கு நட்டம் வந்தால் நான் கட்டுகிறேன் என்று முன்பே தலையைக் கொடுப்பது. விழாவில் புரொஜெக்டரின் வயர் தடுக்கி ஒருவர் விழுகிறார், உரிமையாளர் மேல் வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் இந்தப் பத்தியைக் காட்டி உங்களிடம் திரும்புவார். "எந்தக் காரணத்தால் நேர்ந்தாலும்" என்று எழுதியிருந்தால், அவர் கொடுத்த வயரே பழுது என்றாலும் உங்களைத்தான் கேட்பார். அதை அடித்து "என் கவனக்குறைவால் நேர்ந்தால்" என்று மாற்றிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், அவ்வளவுதான்.

பழுதான பொருளுக்குப் பாதிப் பணம் தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. "உரிமைகளுக்குப் பாதகமின்றி", "முழுமையான, இறுதித் தீர்வாக" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

முதல் சொல் அவர்களுக்கான குடை. சமரசத்துக்காகச் சொல்கிறோம், தப்பை ஒப்புக்கொண்டதாக இதை நீதிமன்றத்தில் காட்டாதே என்று அர்த்தம். அதில் உங்களுக்குப் பெரிய ஆபத்தில்லை, நீங்களும் அதே சொல்லைப் போட்டுப் பேரம் பேசலாம்.

கவனிக்க வேண்டியது இரண்டாவது. அதில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினால் மீதிப் பாதியை மறந்துவிட வேண்டியதுதான். பாதி போதும் என்றால் வாங்குங்கள். போதாது என்றால், "இதை ஒரு பகுதித் தொகையாக மட்டுமே ஏற்பேன், சம்மதமா?" என்று எழுதிக் கேட்டு, அவர்கள் பதில் வரும்வரை பணத்தைத் தொடாதீர்கள்.

"உலகத்திலேயே சிறந்தது" என்று விளம்பரம் செய்தார்கள். பொய்தானே? வழக்குப் போடலாமா?

அது சவடால். யாரும் அதை நம்பி வாங்க மாட்டார்கள் என்று சட்டம் சிரித்துவிட்டுப் போய்விடும். ஆனால் எண்ணும் நிபந்தனையும் வந்துவிட்டால் சவடால் வாக்குறுதியாகிவிடும். 1891ல் லண்டனில் மூக்கால் இழுக்கும் கார்பாலிக் புகை உருண்டையை விற்றவர்கள், இதைத் தினம் மூன்று வேளை இரண்டு வாரம் பயன்படுத்தியும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், நம்பிக்கைக்காக 1000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்தார்கள். கார்லில் என்ற பெண்மணி சொன்னபடியே செய்தார், காய்ச்சல் வந்தது, பணத்தைக் கேட்டார். சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது என்றார்கள். வங்கியில் பணம் போட்டேன் என்று சொன்ன பிறகு சும்மா என்று சொல்ல முடியாது என்று 1892ல் அவருக்கே தீர்ப்பானது.

நடுவர், சமரசம், அதிகார வரம்பு, காலவரம்பு: சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

சமரசர் இரு தரப்பையும் பேசவைப்பார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். நடுவர் தீர்ப்புச் சொல்வார், பெரும்பாலும் அதை மாற்றுவது கடினம். அவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். அதிகார வரம்பு என்பது எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது. காலவரம்பு என்பது வழக்குப் போட உள்ள கெடு. நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் கெடு தாண்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்று நிறுவனம் இழுத்தடிப்பதால் பொதுவாகக் கெடு நின்றுவிடாது.

பரிசாக வந்த ஹீட்டர் வெடித்துக் கை சுட்டுவிட்டது. நான் வாங்கவில்லையே, கேட்க உரிமை உண்டா?

காயத்துக்குக் கேட்கலாம். 1928ல் ஸ்காட்லாந்தில் டானஹூ என்ற பெண்மணிக்குத் தோழி ஒரு பாட்டில் இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு உள்ளிருந்து அழுகிய நத்தை விழுந்தது என்று வழக்கு. காசு கொடுத்தவர் தோழி என்பதால் ஒப்பந்தம் என்று எதுவும் இவரிடம் இல்லை. இருந்தாலும், பயன்படுத்துபவர் மேல் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று 1932ல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்தப் பாட்டிலில் உண்மையிலேயே நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை, அது தனிக் கதை. நீங்கள் ஹீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கருகிய நிலையிலேயே எடுத்து வையுங்கள், சிகிச்சைச் சீட்டையும் சேர்த்து. பரிசு கொடுத்தவரிடம் கூச்சப்படாமல் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.